கறுவா: பட்டையின் வரலாறும் பெயரின் உரிமையும்

2022ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி ‘சிலோன் சினமன்’ என்ற பெயர் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட புவியியல் குறியீடுகளின் பதிவேட்டில் ஏறியது. இலங்கையிலிருந்து அந்தப் பதிவேட்டுக்குள் நுழைந்த முதற் பெயர் இதுதான். டொலர் இல்லை, எரிவாயு இல்லை என்று நாடே வரிசையில் நின்ற நாட்கள் அவை. ஆகையால் பத்திரிகைகள் இதை ஒரு சிறு பத்தியோடு முடித்துவிட்டன. சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் முந்திக் கிடைத்த இந்தப் பெயருரிமை, ஐந்நூறு வருடமாக மற்றவர்கள் கையிலே இருந்த ஒரு பொருளைப் பற்றியது என்பதைச் சொல்ல அப்போது யாருக்கும் நேரமிருக்கவில்லை.

புவியியல் குறியீடு என்றால் என்ன என்பதில் எம்மவரிடையே ஒரு மயக்கம் உண்டு. கடைக்காரர் ஒருவர் தன் தேயிலைப் பொதிக்கு ஒரு சின்னத்தைப் பதிந்துகொண்டால் அது வியாபாரக் குறி. அவருக்கே சொந்தம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். புவியியல் குறியீடு அப்படியல்ல. அதை எந்தத் தனி மனிதனும் வைத்துக்கொள்ள முடியாது, விற்கவும் முடியாது. குறித்த நிலத்தில், குறித்த முறையில் அந்தப் பொருளை உண்டாக்குகிற எல்லோருக்கும் அது பொது. அதனால்தான் இதைப் பெறுவதும் கஷ்டம், வைத்திருப்பதும் கஷ்டம். தோட்டக்காரர், பட்டை உரிப்பவர், கொள்வனவாளர், ஏற்றுமதியாளர், சட்டத்தரணி, ஆய்வுகூடக்காரர், அரச அதிகாரி எல்லோரும் ஒரே கோவையில் கையெழுத்து வைக்கவேண்டி வருகிறது. அந்தக் கோவையில் வரலாற்றாசிரியருக்கும் ஓர் இடம் உண்டு. இந்தப் பெயருக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள தொடர்பை, அதன் நற்பெயர் இந்த மண்ணாலேதான் வந்தது என்பதை, எழுத்தாதாரத்தோடு காட்டவேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டத்தின் நிபந்தனைகளில் ஒன்று. எமது சஞ்சிகைகளில் பெருமைக்காக நாம் எழுதிவரும் பழைய வர்த்தக வரலாறு இங்கே சாட்சியமாக மாறுகிறது. சாட்சியம் என்று வந்துவிட்டால் குறுக்கு விசாரணையும் வரும்.

அந்தக் குறுக்கு விசாரணையை நாமே முதலில் செய்துபார்ப்பது நல்லது. ‘பிர்அவ்ன்களின் காலத்திலேயே அறபிகள் செரந்தீபிலிருந்து கறுவா ஏற்றிப்போனார்கள்’ என்ற வசனம் எமது நூல்களில் அடிக்கடி வருகிறது. பழைய எகிப்தியரிடமும் கிரேக்கரிடமும் ஒரு வாசனைப்பட்டை இருந்தது உண்மை. அது இந்தத் தீவின் பட்டைதானா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 1859இல் தன் பெரிய நூலை வெளியிட்ட ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இதை வெளிப்படையாகவே எழுப்பினார். ஆரம்பகால அறபு, பாரசீகப் பயணிகள் இத்தீவின் மாணிக்கத்தையும் முத்தையும் யானையையும் பேசுகிறார்கள், கறுவாவைப் பற்றி மூச்சும் விடவில்லையே என்பது அவர் கேள்வி. பாரசீகத்திலும் அதைத் தொட்டு உர்துவிலும் கறுவாவுக்குள்ள பெயர் ‘தார்ச்சீனி’. சீனத்து மரம் என்று பொருள். அறபியில் ‘கிர்ஃபா’ என்கிறார்கள், அது வெறுமனே பட்டை. ஆக எமது முன்னோர் பேசிய மொழிகளின் பழைய பெயர்களில் ஒன்று சீனத்தைக் காட்டுகிறது, மற்றது எந்த ஊரையும் காட்டவில்லை. வெளிநாட்டுச் சட்டத்தரணி ஒருவர் இதைத் தூக்கிப் பிடித்தால் என்ன பதில் சொல்வது?

பதில் உண்டு. அது பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகிறது. 1283இல் யாப்பஹுவவிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு கெய்ரோவில் இருந்த மம்லூக் சுல்தான் கலாவூனிடம் ஒரு தூதுக் குழுவை அனுப்பினான். கொண்டுபோன கடிதத்தை வாசிக்க கெய்ரோவில் ஆள் கிடைக்கவில்லை. தூதர்கள் வாயாலேயே விளக்கினார்கள் என்று எகிப்திய வரலாற்றாசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள். தன்னிடம் உள்ள செல்வங்கள் என்று அரசன் அடுக்கிய பட்டியலில் மாணிக்கம், முத்து, யானை ஆகியவற்றோடு கறுவாவும் இருக்கிறது. ஓர் ஆட்சியாளன் ‘இது என் நாட்டுப் பொருள், வாங்க வாருங்கள்’ என்று இன்னோர் ஆட்சியாளனுக்கு அறிவித்த ஆவணம் இது. பெயருரிமை வழக்கொன்றில் இதைவிட நல்ல முதற் சாட்சி கிடைப்பது அரிது.

அறுபது வருடம் கழித்து, 1344இல், இப்னு பதூதா புத்தளக் கரையில் இறங்குகிறார். ஆற்றுவெள்ளம் அடித்துவந்த கறுவா மரத்துண்டுகள் கரையில் குவியல் குவியலாகக் கிடந்ததையும், மஃபர், மலபார் ஆட்கள் விலை எதுவும் கொடுக்காமல் அவற்றை ஏற்றிப்போனதையும், பதிலாக அரசனுக்குத் துணி முதலியவற்றை அன்பளிப்பாகக் கொடுத்ததையும் எழுதுகிறார். விலையில்லை, ஆனால் அன்பளிப்பு உண்டு. இந்தக் காலத்துப் பாசையில் சொல்வதென்றால், பொருள் இலவசம், அனுமதிக்கு மட்டும் கட்டணம். எமது ஆய்வாளர்கள் இந்தப் பகுதியை ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தோம்பலுக்காகவே மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, கறுவாவின் மேல் எவருக்கும் தனியுரிமை இல்லாதிருந்த ஒரு காலத்தின் கடைசிப் படங்களில் இதுவும் ஒன்று என்பதே.

அடுத்து வந்ததெல்லாம் தனியுரிமையின் கதை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லொரென்சோ த அல்மெய்தாவின் கப்பல்கள் கொழும்புக்கு வந்தபோது துறைமுகத்தில் முஸ்லிம்களின் கலங்கள் கறுவாவும் யானையும் ஏற்றிக்கொண்டிருந்ததாகப் போர்த்துக்கேயரே எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்கள் கோட்டை அரசனிடம் கேட்டது கறுவாவில் திறை. அதன் பிறகு கேட்டது, அந்த வியாபாரிகளை வெளியேற்றும்படி. 1526இல் கோட்டையிலிருந்து முஸ்லிம் வணிகர்களை அகற்ற வைத்த நெருக்குதலின் பின்னாலும், சரியாக நூறு வருடம் கழித்து 1626இல் போர்த்துக்கேயரின் ஆள்புலத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய கட்டளையின் பின்னாலும் சமயப் பகை இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் கறுவாவும் இருந்தது. கண்டியரசன் செனரத் வெளியேற்றப்பட்டவர்களில் நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றிய கதையை இந்தச் சஞ்சிகையின் வாசகருக்கு நான் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. ஒரு வாசனைப் பட்டையின் வர்த்தகப் போட்டி, கிழக்கிலே ஒரு சமூகத்தின் குடிப்பரம்பலை மாற்றியது என்ற கோணத்தில் அதை மீண்டும் ஒருமுறை வாசிக்கலாம்.

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் பிடித்தபிறகு தனியுரிமை கணக்குப்புத்தகத்துக்குள் வந்தது. கம்பெனியின் அனுமதியில்லாமல் கறுவா வெட்டுவது, உரிப்பது, விற்பது மரணதண்டனைக்குரிய குற்றம் என்று பிளக்காத்துகள் அறிவித்தன. உரிக்கும் வேலை சலாகம சமூகத்தின் மேல் கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டது. ‘மஹாபத்த’ என்ற திணைக்களம் ஆளுக்கு இத்தனை இறாத்தல் என்று அளவு குறித்தது. இளவயதுப் பையன்களுக்கும் அளவு உண்டு. காட்டிலே மரம் தேடி, கண்டியரசனின் எல்லைக்குள் நுழைந்து, யானைக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். 1760ஆம் ஆண்டளவில் இவர்கள் கிளர்ந்தெழுந்ததில் ஆச்சரியமில்லை. அதே 1760இல், விலை விழாமல் காக்க அம்ஸ்டர்டாமில் பெருந்தொகை வாசனைத் திரவியத்தைத் தீயிட்டதைத் தன் கண்ணால் கண்டதாக ஒரு பிரெஞ்சு இயற்கையியலாளர் எழுதியிருக்கிறார். இங்கே உரித்தவன் கலகம் செய்கிறான், அங்கே பட்டை எரிகிறது.

1769இல் ஆளுநர் பால்க் காலத்தில் கொழும்பு மருதானையில் கறுவாவைத் தோட்டமாக நடத் தொடங்கினார்கள். காட்டுக் கறுவா தோட்டக் கறுவாவானது பெரிய மாற்றம். கறுவாத்தோட்டம் என்று இன்றைக்கும் நாம் சொல்லும் கொழும்பு ஏழு அதன் மிச்சம். அங்கே இப்போது கறுவாச் செடியைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆனால் தோட்டத்தில் வளரும் என்று தெரிந்த பொருளை வேறு தோட்டத்திலும் வளர்க்கலாம். 1772இலேயே பிரெஞ்சுக்காரர் சீசெல்ஸின் மாஹே தீவில் கறுவாவை நட்டுவிட்டார்கள். பின்னர் மடகஸ்காரிலும் ஜாவாவிலும் வளர்ந்தது. பிரித்தானியர் அரச தனியுரிமையை 1833இல் கைவிட்டபோது காவல் வைப்பதற்கு அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. கனத்த ஏற்றுமதி வரியை மட்டும் விடாமல் பிடித்திருந்தார்கள். அந்த இடைவெளியில் மலிவான கசியா சந்தையைப் பிடித்துக்கொண்டது.

இங்கேதான் பெயர் என்ற பிரச்சினை தொடங்குகிறது. சீனா, வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வரும் கசியா வேறு இனம். பட்டை தடிப்பு, நிறம் கடுமை, நெடி அதிகம். எமது பட்டை கடதாசி போல மெல்லியது. சுருளுக்குள் சுருளாக அடுக்கியிருக்கும். தாவரவியலாளர் எமது மரத்துக்கு வைத்த பெயரிலேயே ‘சைலானிக்கம்’ என்று இத்தீவின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘வேரும்’, அதாவது ‘உண்மையான’ என்ற இன்னொரு பெயரும் அதற்கு உண்டு. ஆனால் கடையில் தாவரவியல் விலைபோவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் இரண்டையும் ஒரே ‘சினமன்’ என்ற பெயரில் விற்கச் சட்டத் தடையில்லை. தனியுரிமையைக் கோட்டையாலும் கப்பலாலும் தூக்குமரத்தாலும் காத்தவர்கள், பெயரைக் காக்க ஒரு வரியும் எழுதவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவுமில்லை.

எமது சட்டப் புத்தகத்தில் வியாபாரக் குறிக்கான ஏற்பாடு குடியேற்ற காலத்திலேயே வந்துவிட்டது. 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துக் கோவை பதிப்புரிமை, ஆக்கவுரிமை, குறி எல்லாவற்றையும் ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்தது. உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கைக்கு ஏற்ப 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. அதன் 161ஆம் பிரிவு புவியியல் குறியீட்டைப் பாதுகாக்கிறது. தவறாகப் பெயரைப் பயன்படுத்தினால் உற்பத்தியாளர் நீதிமன்றம் போகலாம். ஆனால் ஒரு குறை: பதிவேடு இல்லை. பெயர் எது, எல்லை எது, முறை எது, யார் பாவிக்கலாம் என்று எழுதிவைத்த புத்தகம் நாட்டிலேயே இல்லாதபோது வெளிநாட்டான் கேட்கும் முதற் கேள்விக்கே பதில் சொல்வது பெரும்பாடு. ‘உங்கள் நாட்டில் இது பாதுகாக்கப்பட்டிருக்கிறதா?’ என்பதே அந்தக் கேள்வி. அயலில் இந்தியா டார்ஜிலிங் தேயிலையைத் தன் பதிவேட்டில் முதலாவதாக எழுதி, 2011இல் ஐரோப்பாவிலும் பதிந்துவிட்டது. நாம் சான்றுப்படுத்தும் குறி, சிங்கச் சின்னம், ‘தூய இலங்கைக் கறுவா’ இலச்சினை என்று சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தோம்.

இந்தச் சுற்றுவழியை நான் குறைத்துப் பேசவில்லை. ஏற்றுமதி அபிவிருத்திச் சபை அந்த இலச்சினையைப் பல நாடுகளில் பதிந்தது பெரிய வேலை. அதற்கு அடுத்த கட்டத்தில்தான் தொழில்துறைகளின் கூட்டு வேலை தென்படுகிறது. வாசனைத் திரவியச் சபை, ஐ.நா. கைத்தொழில் அபிவிருத்தி அமைப்பு, கட்டளைகள் நிறுவகம், சட்டத்தரணிகள் எல்லோரும் சேர்ந்து ‘கறுவா என்றால் என்ன’ என்று எழுதவேண்டியிருந்தது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். எழுதிப் பார்த்தால் தெரியும். சுருளின் விட்டம் ஆறு மில்லிமீற்றருக்குள் இருந்தால் ‘அல்பா’; அதற்குக் கீழே ‘கொன்டினென்டல்’, ‘மெக்சிக்கன்’, ‘ஹம்பர்க்’ என்று தரம் இறங்கும். இந்தத் தரப் பெயர்களைப் பாருங்கள்: உரித்தவன் ஊர் ஒன்றிலும் இல்லை, வாங்கினவன் ஊர்தான் இருக்கிறது. தடியை வெட்டி, புறத்தோலைச் சீவி, பித்தளைக் கோலால் தேய்த்து, பட்டை கிழியாமல் கழற்றி, சிறு துண்டுகளை உள்ளே அடுக்கி நாற்பத்திரண்டு அங்குலச் சுருளாக்கி நிழலில் காயவைக்கும் கைவேலை, பரம்பரை பரம்பரையாகக் கையிலிருந்து கைக்குப் போனது. அதைச் சட்ட வாசகமாக்கும்போது சட்டத்தரணி உரிப்பவரிடம் போய் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், நாட்டுக்குள் புவியியல் குறியீட்டுப் பதிவேட்டை உண்டாக்கும் 2022ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டமும், ஐரோப்பியப் பதிவும் ஒரே ஆண்டில் வந்தன. தாய்வீட்டில் பெயர் எழுதுமுன்னே அயல்வீட்டில் எழுதிக்கொண்டோம். பெயர் ‘சிலோன்’ என்றிருப்பதும் சிலருக்கு உறுத்தல். 1972இல் நாடு அந்தப் பெயரைக் கழற்றிப் போட்டது. ஆனால் பெயருரிமையில் உணர்ச்சிக்கு இடமில்லை. உலகச் சந்தையின் ஞாபகத்தில் எது இருக்கிறதோ அதுதான் சொத்து.

பதிவு கிடைத்தாயிற்று, இனி என்ன என்று கேட்டால், இனித்தான் வேலை. முதலாவது, ஐரோப்பியப் பதிவு ஐரோப்பாவுக்குள் மட்டும். எமது கறுவாவை மிக அதிகமாக வாங்கும் நாடு மெக்சிக்கோ. அங்கே இந்தப் பதிவு செல்லாது. ஐக்கிய அமெரிக்காவிலும் செல்லாது. ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர்ச் சட்டத்தரணியைப் பிடித்து, உள்ளூர் முறைப்படி பதிந்து, பிறகு சந்தையைக் கண்காணித்து, தவறு கண்டால் எதிர்ப்பு மனுப் போடவேண்டும். செலவை யார் பொறுப்பது? ஒரு வியாபாரக் குறிக்கு முதலாளி இருக்கிறார், அவர் கட்டுவார். பொதுச் சொத்துக்கு எல்லோரும் முதலாளி, ஆகவே காசு கேட்கும்போது ஒருவரும் முதலாளி இல்லை.

இரண்டாவது, தூள். பட்டையாக இருக்கும்வரை கண் பார்த்தே இனம் பிரிக்கலாம். தூளாக்கியபின் ஆய்வுகூடம் இல்லாமல் முடியாது. கசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், எமது கறுவாவில் மிகச் சொற்பம். ஈரலுக்குக் கெடுதி என்பதால் உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றில் 0.1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை வரையறுத்திருக்கிறது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2006இலேயே எச்சரித்தது. அறுபது கிலோ நிறையுள்ள ஒருவர் இரண்டு கிராம் கசியாத் தூள் தின்றாலே எல்லையைத் தொட்டுவிடலாம் என்பது அதன் கணக்கு. எமது பெயருக்கு இது நல்ல வாய்ப்பு. அதே நேரம் கலப்படக்காரனுக்கும் வாய்ப்பு: பெயருக்கு மதிப்பு கூடக் கூட, கசியாத் தூளில் அந்தப் பெயரை எழுதும் ஆசையும் கூடும். 2023இல் ஐக்கிய அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழ்ப் பொதிகளில் ஈயம் கலந்திருந்த விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். மூலப் பட்டை இலங்கையிலிருந்து போனது, தூளாக்கியது ஈக்குவடோரில். பட்டையைச் சோதித்ததில் ஈயம் இல்லை என்று ஈக்குவடோர் அதிகாரிகள் தெரிவித்ததாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. அந்தச் சோதனை அறிக்கை இல்லாமல் போயிருந்தால் பழி எந்தப் பெயரின்மேல் விழுந்திருக்கும்? இதில் வக்கீல் வாதம் எடுபடாது; இரசாயனவியலாளரின் தாளும், பட்டை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்ற பதிவும்தான் எடுபடும்.

மூன்றாவது, உரிக்கும் கை. தென்பகுதியில் நெடுங்காலமாகக் கறுவா வாங்கி விற்கும் ஒரு ஹாஜியாரிடம் இந்தப் பதிவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். “பேரு வந்தது நல்லம்தான் மகன்” என்றார். “ஆனா உரிக்க ஆளெங்க? புள்ளைகள் எல்லாம் த்ரீவீல் ஓட்டுது, கொரியா போகுது. என்ட வாப்பாட காலத்தில வீட்டுக்கு நாலு பேரு உரிச்சாங்க. இப்ப ஒரு ஊருக்கே நாலு பேரு ஈக்கிறது கஷ்டம்.” உரித்த பட்டையில் ஒரு பங்கை, பல இடங்களில் பாதி வரை, கூலியாகக் கொடுப்பது வழக்கம். அதுவும் இளையவரை இழுக்கப் போதவில்லை. கொஸ்கொடவில் பயிற்சிக் கலாசாலை தொடங்கியிருக்கிறார்கள், நல்ல முயற்சி. ஆனால் ஒல்லாந்தர் காலத்துக் கட்டாய ஊழியத்தின் சாதி வடு இந்தத் தொழிலில் இன்னும் முழுதாக ஆறவில்லை என்பதை அறிக்கைகளில் ஒருவரும் எழுதுவதில்லை. கைமுறைதான் இந்தப் பெயரின் உயிர் என்று ஐரோப்பாவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம். அந்தக் கைக்குரியவர் கோவையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்? குறியீட்டைப் பராமரிக்கும் சங்கத்தில் ஏற்றுமதியாளரின் குரல் கேட்பது இயல்பு, அவரிடம் காசும் ஆங்கிலமும் உண்டு. உரிப்பவருக்கும் சிறுதோட்டக்காரருக்கும் அங்கே வாக்கு எவ்வளவு, கூடுதல் விலையில் பங்கு எவ்வளவு என்பதை எமது சட்டத்தரணிகள் கேட்டுத் தெளிவுபடுத்தவேண்டிய விடயம்.

ஆவணம் பற்றியும் ஒன்று. கெய்ரோவின் பதிவும் இப்னு பதூதாவின் பயணநூலும் ஒல்லாந்தக் கம்பெனியின் கணக்கும் மற்றவர் கையில் பத்திரமாக இருக்கின்றன. காலி, வெலிகம, மாத்தறை, பேருவளைப் பக்கம் தலைமுறைகளாகக் கறுவா கைமாறிய கடைகளின் கணக்கு எங்கே? பேரேடுகள், விலைச்சிட்டைகள், கப்பலேற்றிய ரசீதுகள், பழைய பொதிச் சீட்டுகள், சாக்கில் அச்சடித்த சின்னங்கள், அறபுத்தமிழில் எழுதிய கடிதங்கள் என்று எவ்வளவோ இருந்திருக்கவேண்டும். வீடு இடித்துக் கட்டும்போது எரித்தவையும், கறையான் தின்றவையும் போக மிச்சம் ஏதும் இருந்தால், அது குடும்பப் பெட்டகத்தில் கிடப்பதைவிடப் படியெடுக்கப்பட்டு ஓர் ஆவணக் காப்பகத்தில் இருப்பது மேல். ‘சிலோன் கறுவா’ என்று இன்ன ஆண்டில் இன்ன துறைமுகத்துக்கு விற்றேன் என்று ஒரு சாதாரண வியாபாரி எழுதிவைத்த ஒரு வரி, மெக்சிக்கோவிலோ வேறெங்கோ நாளைக்கு நடக்கப்போகும் ஓர் எதிர்ப்பு மனுவில் பெரிய பெயருள்ள பயணியின் ஒரு பக்கத்தைவிடப் பயன்படலாம். அப்படிப்பட்ட பேரேடு ஒன்று எந்த வாசகரின் வீட்டிலாவது இருந்தால், மூலத்தைக் கையிலிருந்து விடாமல், நிழற்படம் எடுத்து இந்தச் சஞ்சிகைக்கு அறியத்தரலாம்.